அழகுக் குழுத் தலைவி

நகரத்தை ஒட்டிய கூந்தல்மலையில் சிங்காரி என்றொரு வண்ணத்துப்பூச்சி இருந்தது. கறுப்புச் சிறகு, அதில் சிவப்புப் பொட்டு. தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துத் தானே சொக்கிப்போகும்!

மலைக்குத் தலைவரான குரங்கு ஒருநாள் நகரத்துப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. வந்ததும் கூட்டம் போட்டது.

"நம்ம மலை ஒரே காடா கிடக்கு! அங்க பாருங்க, ஒரே செடி, ஒரே பூ. என்ன லட்சணம்! இங்கயும் உண்ணிப்பூ மட்டும் வச்சிடுவோம். மத்ததையெல்லாம் பிடுங்குங்க!"

எதைப் பிடுங்குவது என்று காட்ட அழகுக் குழு ஒன்று அமைந்தது. தலைவி சிங்காரிதான். உண்ணிப்பூவில் தேனுக்குப் பஞ்சமில்லை, அதற்குக் கசக்குமா?

பாறையோரம் படர்ந்திருந்த ஆடுதின்னாப்பாளையைத்தான் அது முதலில் காட்டியது. "சீ, என்ன நாத்தம்! ஆடுகூடத் தொடாத இந்தக் கொடி நமக்கு எதுக்கு?"

பாறைமேல் வெயில் காய்ந்த ஓணான் பதறியது. "அதுல கை வைக்காதம்மா! புழுவா இருந்தப்ப நீ தின்னு வளர்ந்ததே அந்த இலையைத்தான்!"

"புழுவா? நானா? எங்க வம்சத்துலயே புழு கிடையாது!"

"உங்க அக்கா புழுவா இருந்தப்ப அவளை ஒருதடவை கடிச்சுப் பார்த்தேன். அப்பப்பா, உடம்பெல்லாம் அந்தக் கொடியோட கசப்பு! உன் உடம்புலயும் அது இல்லாட்டி உன்னை இந்நேரம் விட்டுவச்சிருப்பேனா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிங்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேரோட பிடுங்குங்க!" என்று கத்தியது. குரங்குகள் மலை முழுக்கத் தேடித் தேடிப் பிடுங்கின.

மழை வந்தது. மலையெங்கும் உண்ணிப்பூ. சிங்காரி ஆசை தீரத் தேன் குடித்தது. வயிற்றில் முட்டையும் நிறைந்தது.

வண்ணத்துப்பூச்சிக்குக் காலில்தான் ருசி தெரியும். முட்டையிட உட்கார்ந்த ஒவ்வோர் இலையையும் சிங்காரியின் கால் வேண்டாம் என்றது. பாவம், அப்போதுதான் அதற்குத் தன் பிள்ளைப்பருவம் ஞாபகம் வந்தது! அந்த நாற்றத்தைத் தேடி மலையையே சுற்றியது. ஒரு தளிர்கூடக் கிடைக்கவில்லை.

"தலைவரே, அந்தக் கொடி ஒண்ணாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்லை! உன் வேலை அவ்வளவு சுத்தம்!" என்று பல்லிளித்த குரங்கு, பழுத்த இலை ஒன்றைப் பொன்னாடையாகப் போர்த்தியது. எல்லாம் கைதட்டின.

வேறு வழியில்லாமல் சிங்காரி உண்ணி இலையில் முட்டையிட்டது. பொரிந்து வந்த புழுக்கள் ஒரு கடி கடித்தன, துப்பின, பட்டினியில் சுருண்டு விழுந்தன. அடுத்த மழைக்கு உண்ணிப்பூ மலை கொள்ளாமல் பூத்தது. தேன் குடிக்கத்தான் சிங்காரியின் வம்சத்தில் யாரும் இல்லை.

தன்னை வளர்த்ததை அசிங்கம் என்று பிடுங்கி எறிகிறவர் தன் பிள்ளைகளின் சோற்றில்தான் மண்ணைப் போடுகிறார்.