நாற்பத்தேழு சீட்டுகள்

“ஜெயிச்ச ஆட்டத்தைத் தப்புன்னு சொல்றீங்களே, டீச்சர். அது எப்படி?”

கேட்டவர் அருளப்பன். முப்பது ஆண்டுகள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சர் என்று அவர் அழைத்த சுகிர்தம் அவரைவிட இருபது வயது இளையவள். மலைமேலிருந்த அந்த விடுதியின் சீட்டு இயந்திரங்களில் பணம் வைத்து ஆடியே வாழ்பவள்.

அவளோடு சேர்ந்து ஆடும் குழுவில் நான்கு பேருக்கு இடம். ஓரிடம் காலி. அதற்காகத்தான் அவர் மூன்று மாதமாக பஸ் ஏறி வருகிறார்.

இயந்திரம் ஐந்து சீட்டு தரும். வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரே ஒரு முறை மாற்றலாம். கடைசியில் கையில் சேர்ந்த சீட்டுகளைப் பொறுத்து, போட்ட பணத்துக்கு இத்தனை மடங்கு என்று தரும். அவ்வளவுதான் ஆட்டம்.

“என்ன வந்துச்சு?”

“ஏழு ஜோடி. ஒரு ஏஸ். ரெண்டு உதிரி.”

“எதைப் பிடிச்சீங்க?”

“ரெண்டு ஏழையும். ஏஸையும்.”

“ஏஸ் எதுக்கு?”

“துணைக்கு.”

அவள் சிரிக்கவில்லை.

“மூணாவது ஏழு வந்துச்சு, டீச்சர்.”

“நீங்க மூணு சீட்டு ஆடுவீங்களா, அண்ணே?”

“மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியே. அங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடி விழுந்தா, பக்கத்துல இருக்கிற ஏஸ்தான் காப்பாத்தும்.”

“இங்க எதிர்ல யார் உட்கார்ந்திருக்கா?”

அருளப்பன் பார்த்தார். திரையில் அவருடைய மூக்குக்கண்ணாடி தெரிந்தது.

“யாருமில்ல.”

“அப்ப ஏஸ் யாரை அடிக்க? அதை விட்டிருந்தா மூணு புதுச் சீட்டு வந்திருக்கும். நீங்க ரெண்டே போதும்னுட்டீங்க.”

“ஆனா ஏழு வந்துச்சே.”

“வந்துச்சு. அதுதான் எனக்குப் பயம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னும் ஒரே ஆட்டம்,” என்றாள். “சரியா ஆடினா இடம் உங்களுக்கு. இல்லேன்னா மத்தியான பஸ்ல மலை இறங்கிடுங்க. நாளைக்கு ஏற வேண்டாம்.”

“ஒரே ஆட்டத்துல முடிவா? நல்ல சீட்டு வரலேன்னா?”

“நல்ல சீட்டு நான் கேக்கலியே.”

முழுப் பந்தயம் வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஆர்ட்டின் ஏஸ். ஆர்ட்டின் ராஜா. ராணி. ஜாக்கி. கடைசியில் ஒரு நாலு. அதுவும் ஆர்ட்டின்.

ஐந்தும் ஒரே இனம். திரையில் ‘ஃபிளஷ்’ என்று ஒளிர்ந்தது. அப்படியே வைத்துக்கொண்டால் ஆறு மடங்கு.

பக்கத்து இயந்திரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். “தொடாதீங்க, அண்ணே. கையில இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டுப் போனா வீட்டுல சோறு கிடைக்காது.”

சுகிர்தம் அவரைத் தடுக்கவில்லை.

அருளப்பன் மெதுவாக விரல் மடக்கினார். “மீதி நாப்பத்தேழு சீட்டு. நாலை விட்டா, ஆர்ட்டின் பத்து ஒண்ணு. அது வந்தா ஒரே இனத்துல அஞ்சும் வரிசை, எண்ணூறு மடங்கு. மத்த ஆர்ட்டின் ஏழு. அது இதே ஆறு மடங்கு. வேற பத்து மூணு. அது வரிசை, நாலு மடங்கு. ஜோடி சேர்றது பன்னெண்டு. போட்டது திரும்பி வரும்.”

“மொத்தம்?”

“இருபத்திமூணு.”

“மிச்சம்?”

“இருபத்திநாலு. எதுவும் கிடையாது.”

“பாதிக்கு மேல பட்டை நாமம்,” என்றார் பக்கத்து இயந்திரத்துக்காரர்.

“சராசரி?” என்றாள் சுகிர்தம்.

“பதினெட்டுக்கு மேல. வச்சுக்கிட்டா வெறும் ஆறு.”

“வாய்க்குத் தெரிஞ்சிருக்கு. விரலுக்கு?”

கிரேனின் நெம்புகோல்களை முப்பது ஆண்டுகள் பிடித்த விரல்கள் அவை. ஒவ்வொரு பொத்தானாகத் தேடிப் போயின.

ஏஸைப் பிடித்தார். ராஜாவை. ராணியை. ஜாக்கியை.

நாலை விட்டார். பொத்தானை அழுத்தினார்.

அதே நொடியில் சுகிர்தம் காபி வந்த தட்டை எடுத்துத் திரைக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தாள்.

எங்கோ ஓர் இயந்திரம் ஜெயித்ததற்கான மெட்டைப் பாடியது. அந்த இரைச்சலில் எது என்று சொல்ல முடியாது.

“சரியா, தப்பா?” என்றாள்.

“தட்டை எடுத்தா…” என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

தட்டில் காபி வட்டமாகக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்தார். பக்கத்து இயந்திரத்துக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

“சரி,” என்றார் அருளப்பன்.

“சீட்டைப் பாக்கலியே?”

அவர் தட்டுக்குக் கீழே கையை நீட்டி அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அழுத்தினார்.

“என்னய்யா மனுசன் நீ,” என்றார் பக்கத்து இயந்திரத்துக்காரர். “என்ன வந்துச்சுன்னே தெரியாமப் போச்சே.”

சுகிர்தம் தட்டை இறக்கினாள்.

“திங்கக்கிழமை காலையில எட்டு மணி. லேட்டா வராதீங்க.”

அருளப்பனுக்கு அது கேட்கவில்லை. புதிதாக வந்திருந்த ஐந்து சீட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார்.