மாடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும்

ஆற்றங்கரை ஆய்வு நிலையத்தில் இயக்குநர் சபாநடேசன் வைத்ததுதான் சட்டம். வெள்ளம் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்லும் கம்ப்யூட்டர் மாடல் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். அதன்மேல் அவருக்குப் பெற்ற பிள்ளைமேல் இருப்பதுபோலப் பாசம்.

ஒரு மழைநாள் காலையில், புதிதாகச் சேர்ந்த உதவியாளர் சகாயமேரி ஆற்று அளவுகோலைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"சார், தண்ணி மூணு மீட்டரைத் தாண்டிடுச்சு. கீழத்தெரு ஜனங்களுக்கு உடனே சொல்லணும்."

"என் மாடல் ரெண்டுதான்னு சொல்லுது. கோளாறு அளவுகோல்ல. ரெண்டுன்னு திருத்தி எழுது. முடியாதுன்னா நாளையிலிருந்து வராதே."

சகாயமேரி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள்.

"திருத்திடறேன் சார். மதியம் மாடலைப் பார்க்க விருந்தினர்கள் வர்றாங்களே, அவங்களுக்குப் படித்துறை மேல்படியிலேயே நாற்காலி போட்டுடவா? மாடல்படி அங்கே தண்ணி வராது. நட்டநடுவுல உங்க நாற்காலி."

சபாநடேசன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். படித்துறையையே காணோம்.

"அங்கே வேண்டாம்மா."

"ஏன் சார்?"

"நனைஞ்சிடும்."

"எந்தத் தண்ணியில சார்? மாடல் தண்ணியிலயா, ஆத்துத் தண்ணியிலயா?"

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாமே போனை எடுத்தார். மதியம் கீழத்தெருவுக்குள் வெள்ளம் புகுந்தபோது அங்கே ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். விருந்தினர்கள் அன்று மாடலைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சகாயமேரி சொன்ன பந்தியிலெல்லாம் சாம்பார் ஊற்றிய சபாநடேசனைத்தான் பார்த்தார்கள்.