மலையிலிருந்து வந்த காதுப் படம்

நீலமேகத்துக்குத் தன் புரோகிராம் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மலை ஊர்களில் நர்சுகள் எடுக்கும் காதுப் படங்களைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் புரோகிராம் அது. அவரே எழுதியது. சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் வேறு வழியும் இல்லை. காதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளத்தான் டாக்டர் ஷகிலாவிடம் சிஷ்யனாகச் சேர்ந்திருந்தார். குருவுக்கு முப்பத்து மூன்று வயது, சிஷ்யனுக்கு ஐம்பது. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அன்று வந்தது தீர்த்தம்மாள் என்பவரின் இடது காது. செவிப்பறையின் மேல் ஓரத்தில் ஒரு வெளுப்பு. காய்ந்த அழுக்கா, எலும்பை அரிக்கும் கட்டியா என்று ஷகிலாவுக்கே பிடிபடவில்லை. அழுக்கு என்றால் சொட்டு மருந்து போதும். கட்டி என்றால் உயிருக்கே உலை வைத்துவிடும்.

“என் புரோகிராம்தான் எதையோ முழுங்கிடுச்சு டாக்டர்,” என்றார் நீலமேகம்.

“எப்படிச் சொல்றீங்க?”

“ஓரத்தைப் பாருங்க, மழுங்கியிருக்கு. ரொம்ப நாளாவே எனக்கு இந்த நெருடல்தான். முழுப் படத்தையும் அனுப்பச் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.”

“அதுவரைக்கும் அந்தம்மா?”

ஷகிலா படத்தை விட்டுவிட்டு, அதனோடு வந்த குறிப்பைப் பார்த்தார்.

“‘இடது காதில் சீழ்.’ இவ்வளவுதானா? ஒரு மாசமா எல்லாக் குறிப்பும் மூணே வார்த்தையா வருது. மலையில இருக்கறது கனகா. அவ இவ்வளவு கம்மியா பேசுற ஆளே இல்லையே!”

நர்சு கனகாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, ஏன் இன்னும் விவரமாக எழுதவில்லை என்று கேட்டார்.

“எழுதித்தானே மேடம் அனுப்பினேன்!” கனகாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அஞ்சு மாசமா சீழ். பக்கத்துல நிக்க முடியல, அவ்ளோ நாத்தம். எந்திரிச்சா தலை சுத்துது. நேத்துலேர்ந்து சிரிச்சா வாய் ஒரு பக்கமா இழுக்குது.”

“இப்பவே ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கூட்டிட்டு வா. இது அழுக்கு இல்ல, கட்டி. காதுக்குள்ள ஓடுற முக நரம்பு வரைக்கும் அரிச்சிடுச்சு.”

நீலமேகத்தின் முகம் தொங்கிப்போயிற்று. நர்சுகள் நீட்டி முழக்கி எழுதுவதையெல்லாம் வெட்டி டாக்டருக்குக் கொடுப்பது ஒரு மாதமாக அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. யாரும் கேட்கவில்லை.

“வாய் இழுக்கறது காது சமாச்சாரம் இல்லைன்னு நினைச்சேன் டாக்டர். உங்க நேரம் மிச்சமாகுமேன்னு...”

நீலமேகத்துக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பழைய சந்தேகம் விடவில்லை.

“அப்போ புரோகிராம் எதையும் முழுங்கலையா?”

“முழுங்கியிருக்கு. ‘பத்துல ஒம்பது பங்கை விட்டுட்டேன்’னு படத்துக்குக் கீழேயே எழுதியும் இருக்கு. குறிப்புக்குக் கீழேதான் அப்படி ஒண்ணும் இல்ல,” என்றார் ஷகிலா. “அப்படி எழுதணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கதானே சார்?”