பங்குனியில் பூத்த மல்லிகை

ஒரு காட்டில், ஓடைக்கரைப் பொந்து ஒன்றில், சிலுப்பி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. தன் வாசலில் அது ஒரு பூந்தோட்டம் போட்டிருந்தது. காடு முழுக்கப் பூவாகக் கிடக்கும்போது தனியாக ஒரு தோட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். சிலுப்பியிடமும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

"காட்டுப் பூ யாருக்கோ பூக்கிறது. இது எனக்காகப் பூக்கிறது" என்று அது சொல்லிவிடும்.

கொட்டாங்கச்சியில் ஓடைத் தண்ணீரை மொண்டு, வழியில் பாதியைச் சிந்தி, மீதியைச் செடிக்கு ஊற்றுகிற சுகம் ஊற்றியவர்களுக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, இன்றைக்கு எத்தனை செம்பருத்தி என்று பார்க்க ஓடுவது இன்னொரு சுகம். எல்லாவற்றையும்விடப் பெரிய சுகம் சாயங்காலத்தில் இருந்தது. அந்திமந்தாரை ஒவ்வொன்றாக விரிவதைப் பார்க்கச் சிலுப்பி வாசலில் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த வேடிக்கைக்கு அதற்கு ஒரு துணை உண்டு. பக்கத்து வளையில் இருந்த பஞ்சன் என்ற முயல்தான் அது. பஞ்சன் அதிகம் பேசாது. வேலை என்றால் சொல்லாமலே செய்துவிடும். பஞ்சன் வந்தால் சிலுப்பி முதுகு முட்களைப் படிய மடக்கிக்கொள்ளும். இரண்டும் ஒட்டி உட்கார்ந்துகொள்ளும்.

"அடுத்து அந்த மஞ்சள்தான் விரியும், பார்."

"இல்லை அக்கா, ஓரத்தில் இருக்கிற ரோஸ்."

பெரும்பாலும் பஞ்சன்தான் ஜெயிக்கும். சிலுப்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கோபம் வந்தால் எதிரில் இருப்பது யார் என்று பார்க்காத குணம் ஒன்றைத் தவிர, சிலுப்பி ரொம்ப நல்லதுதான்.

தோட்டத்தில் ஒரே ஒரு குறை, நடுவில் நின்ற மல்லிகை. மூன்று வருஷமாக அது இலையும் கிளையுமாக மண்டிக் கிடந்ததே தவிர, போனால் போகிறது என்று நாலு பூதான் பூக்கும். சிலுப்பியோ அதில் ஒரு கிளை ஒடிந்தால்கூட அன்றைக்குச் சாப்பிடாது. "ஒரே ஒரு தரம் இது நிறையப் பூத்து நான் பார்த்துவிட மாட்டேனா!" என்று பஞ்சனிடம் புலம்பும். பஞ்சன் செடியையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மார்கழி மாதம், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த தங்கைக்குப் பிரசவம் என்று செய்தி வந்தது. சிலுப்பி கிளம்பியது.

"செடிகளைப் பார்த்துக்கொள், பஞ்சா. முக்கியமாக மல்லிகையை."

"அதை என்னிடம் விட்டுவிடு. நீ நிம்மதியாகப் போய் வா, அக்கா."

இருபது நாள் கழித்துத் திரும்பிய சிலுப்பி, வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. மல்லிகைப் புதர் இருந்த இடத்தில் ஒரு சாண் உயரத்துக்கு ஏழெட்டுக் குச்சிகள் நின்றன. மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை.

நாவல் மரத்திலிருந்து மைனா எட்டிப் பார்த்தது. "எல்லாம் அந்தப் பஞ்சன் வேலை! மூன்று நாள் உட்கார்ந்து கிளை கிளையாகக் கடித்துப் போட்டான். இலையையெல்லாம் தின்று தீர்த்தான். எனக்கெதற்கு ஊர் வம்பு, நான் ஒன்றும் சொல்லவில்லை!"

மைனா பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னது.

அதற்குள் பஞ்சன் துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. "வந்துவிட்டாயா, அக்கா! குழந்தை எப்படி இருக்கிறது?"

"மல்லிகையை இப்படிச் செய்தது யார்?"

"நான்தான். நான் புல் மேயும்போது பார்த்திருக்கிறேன், கடித்த இடத்தில்தான்..."

"நீயேதானா! உன்னை நம்பி விட்டுப் போனேனே! உன் பல்லுக்கு இந்தக் காட்டில் வேறு செடியே கிடைக்கவில்லையா?"

"அக்கா, ஒரு நிமிஷம் கேளேன்..."

சிலுப்பி கேட்கவில்லை. முட்களைச் சிலிர்த்து, சடசடவென்று உதறி, திரும்பிப் பின்பக்கமாகவே பாய்ந்தது. நீளமான முள் ஒன்று பஞ்சனின் தோளில் ஆழமாக இறங்கியது. பஞ்சன் வீறிட்டது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டிப் போனது. மறுநாள் ஓடையைத் தாண்டிக் குடிபோய்விட்டது.

மாசியில் அந்தக் குச்சிகளில் துளிர் விட்டது. கடிபட்ட ஒவ்வோர் இடத்திலும் இரண்டு, மூன்று புதுக்கிளைகள். பங்குனியில் கிளைக்குக் கிளை நுனியில் கொத்துக் கொத்தாக மொட்டு. ஒரு சாயங்காலம் அத்தனையும் ஒன்றாக விரிந்தன. செடியில் பச்சையே தெரியவில்லை. வாசனை ஓடைக்கரை முழுக்கப் பரவியது.

சிலுப்பி ஆசையோடு, "பார்!" என்று பக்கத்தில் திரும்பியது. பக்கத்தில் யாரும் இல்லை. பஞ்சன் சொல்ல வந்த மீதி என்ன என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது. அன்றைக்குப் பூவைப் பார்க்கவே அதற்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஒரு தேக்கிலை நிறையப் பூவைப் பறித்துக்கொண்டு, கல் மேல் கால் வைத்து ஓடையைக் கடந்தது. பஞ்சன் தன் புது வளைக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தது. இலையில் இருந்ததைப் பார்த்ததும் அதன் காதுகள் உயர்ந்தன.

"பூத்துவிட்டதா, அக்கா?"

"உன்னால்தான் பூத்தது, பஞ்சா. நீ சொல்ல வந்ததை நான் காதில் வாங்கவே இல்லை. என்னை மன்னித்துவிடு."

"அதை நான் அப்போதே மன்னித்துவிட்டேன்."

சிலுப்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. "அப்படியானால் வா, நம் இடத்துக்கே போகலாம்!" என்று வேகமாக ஓரடி எடுத்து வைத்தது. முதுகு முட்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன.

ஒரே பாய்ச்சலில் பஞ்சன் வளைக்குள் மறைந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "எனக்குக் கோபம் இல்லை, அக்கா. சத்தியமாக இல்லை. நீ கிட்டே வந்தால் கால் தானாக ஓடிவிடுகிறது. நான் என்ன செய்வேன்?"

சிலுப்பி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தது. பஞ்சன் வெளியே வரவில்லை. பூவை வளை வாசலில் வைத்துவிட்டு, முள் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று, சிலுப்பி மெல்ல மெல்ல அடியெடுத்துத் திரும்பிப் போனது.

நீதி: என்ன ஏது என்று கேட்காமல் காட்டிய கோபத்துக்கு மன்னிப்புக் கிடைக்கலாம், பழைய நெருக்கம் கிடைக்காது.