தாயம் விழுந்தால் ஏரிக்கு

முன்னொரு காலத்திலே நெடுங்கரை நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான்; ஆனால் தாயக்கட்டையைக் கையில் எடுத்துவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும். ஊருக்கு மேற்கே பெரிய ஏரி ஒன்று உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ராஜா யானைமேல் ஏறி, முரசு முழங்க, அதன் கரையைப் பார்க்கப் போவார். கரை நன்றாக இருந்தால் காவல்காரர்களுக்குப் புது வேட்டியும் விருந்தும் கிடைக்கும்.

ஒரு பௌர்ணமியாவது கரை மோசமாக இருந்ததா? கிடையாது! எலி வளையெல்லாம் அடைத்திருக்கும், முள்ளெல்லாம் வெட்டியிருக்கும். கரைக்காவலுக்குத் தலைவரான வாணராயர் அம்பாரியில் ராஜா பக்கத்தில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட கரை ஒரு தேய்பிறையில், சின்ன மழைக்கே உடைந்து, கீழூர் வயல்களை மணல் மூடிவிட்டது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வாணராயர் முந்திக்கொண்டார். "மகாராஜா, தாங்களே கண்ணால் பார்த்த கரை! எல்லாம் கெட்ட நேரம்."

மந்திரி சாத்தனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நேரத்தை ஏன் திட்டுகிறீர்? வேட்டி பௌர்ணமிக்கு வருகிறது. மண்வெட்டி அதற்கு முந்தின நாள் வெளியே வருகிறது. விருந்து முடிந்த மறுநாளே காவல் கொட்டகையில் குறட்டை. காவல்காரர்களைச் சோம்பேறி என்று சொல்லமாட்டேன். பௌர்ணமிக்குத்தான் பரிசு என்றோம், பௌர்ணமிக்குத்தான் வேலை நடந்தது."

வாணராயருக்குச் சாத்தனைக் கண்டாலே ஆகாது. "இவ்வளவு தெரிந்தவர், இந்த மழைக்காலம் முழுக்கப் பெண்டாட்டி பிள்ளையோடு கரையடியிலேயே குடியிருந்து காவலைத் திருத்தட்டுமே!"

ராஜாவின் நாக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும். "அப்படியே ஆகட்டும்!" என்றுவிட்டார். கரை போனால் முதலில் போவது கரையடியில் போடும் குடிசைதான்.

சாத்தனுக்குக் கைக்குழந்தையின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. ஆனாலும் தெளிவாகப் பேசினான். "உத்தரவு. ஆனால் ஒரு வேண்டுகோள். பௌர்ணமி வேட்டியும் விருந்தும் நிற்கட்டும். தாங்கள் தினமும் காலையில் தாயக்கட்டையை ஒரே ஒரு தரம் உருட்ட வேண்டும். தாயம் விழுந்தால், முரசும் வேண்டாம் யானையும் வேண்டாம், அந்த நிமிஷமே குதிரையில் ஏரிக்கு வர வேண்டும். கரை நன்றாக இருந்தால் அங்கேயே ஆளுக்கொரு துண்டும் சர்க்கரைப் பொங்கலும். தாயம் விழாவிட்டால் வரவே கூடாது."

ராஜா துள்ளி எழுந்தார். "ராஜ காரியம் என்று சொல்லியே தாயம் உருட்டலாமா! இத்தனை நாள் ஏனய்யா சொல்லவில்லை?"

சாத்தன் குடும்பத்தோடு போய்க் கரையடியில் குடிசை போட்டுக்கொண்டான். அங்கே கரையைத் திருத்தும் வேலை ஆரம்பமானது. சில நாளில் தாயம் விழுந்தது. ராஜா வந்தார், துண்டும் பொங்கலும் கிடைத்தன. "இனி ஒரு மாசத்துக்குக் கவலையில்ல" என்று காவல்காரர்கள் கால் நீட்டிப் படுத்தார்கள். மறுநாள் காலையும் தாயம்! ராஜா கொட்டகை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பொங்கல் இல்லை. அதற்குப் பிறகு எவனும் பகலில் கண்ணை மூடவில்லை.

அரண்மனையில் வாணராயர் சோதிடரைப் பிடித்துக் கேட்டார், பணியாளைப் பிடித்துக் கேட்டார், கடைசியில் ராஜாவிடமே குழைந்தார். "நாளைக்கு ஏரிக்குப் போகிறீர்களா, மகாராஜா?"

"கட்டையைக் கேளும்! எனக்கே தெரியாது."

ராஜாவின் மனசை மோப்பம் பிடித்தே பிழைத்த மனுஷன் அவர். ராஜாவின் மனசிலேயே இல்லாததை எங்கே போய் மோப்பம் பிடிப்பது? இதை யோசித்த மூளைக்குத் தங்கத்திலே பூண் போட வேண்டாமா, சொல்லுங்கள்!

ஐப்பசி வந்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏரி நிறைய நிறைய, தாயம் மட்டும் விழவே மாட்டேன் என்றது. ஒரு நாள் விடிந்தபோது தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டதைச் சாத்தன் பார்த்தான். குழந்தையை மனைவி கையில் கொடுத்துவிட்டு, ஆட்களை எழுப்பக் கொட்டகைக்கு ஓடினான். கொட்டகை காலி. ஓடிப்போய்விட்டார்களோ என்று வெளியே பாய்ந்தான்.

நிமிர்ந்து பார்த்தால், அத்தனை பேரும் கரைமேலே மண் சுமந்துகொண்டிருக்கிறார்கள்!

"இத்தனை நாளா பொங்கலே வரலியே, கொற்றா?" என்றான் சாத்தன், கூடையோடு எதிரே வந்த காவல்காரனிடம். கண் கலங்கியதை மழை மறைத்துவிட்டது.

"அதனால என்னங்க? இன்னிக்கி வந்தாலும் வரும்ல" என்று சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கினான் கொற்றன்.

அந்த நேரத்தில் இரண்டு குதிரைகள் வந்து நின்றன. அன்றும் தாயம் விழவில்லைதான். "பொங்கல் இல்லாமல் எவன் வேலை செய்வான்? கரையில் ஈ காக்கைகூட இருக்காது, நேரில் வந்து பாருங்கள்" என்று வாணராயர்தான் ராஜாவை இழுத்து வந்திருந்தார். ராஜா பார்த்தார். முழங்கால் சேற்றில் நின்று காவல்காரர்கள் மண் அணைப்பதைப் பார்த்தார். கரையடிக் குடிசை வாசலில் குழந்தையோடு நின்ற பெண்ணையும் பார்த்தார். குதிரையிலிருந்து இறங்கித் தன் சால்வையைக் குழந்தைமேல் போர்த்தினார்.

"மந்திரியாரே, என் நாக்கு செய்த பாவம் இது. இப்போதே இவர்களை அரண்மனைக்கு அனுப்பும். ஏரியும் காவலும் இன்றுமுதல் உம் பொறுப்பு. எனக்கு நாடாளச் சொல்லிக்கொடுத்தவர் நீர்."

சாத்தன் கை கூப்பினான்.

வாணராயர் மட்டும் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். மண்கூடையோடு வந்த கொற்றன் அவர்மேல் இடிக்கப் பார்த்தான்.

"யோவ், மரமாட்டம் நிக்கிறியே, கூடையப் புடிய்யா!"

"அடேய்! நான் யார் தெரியுமா?"

ராஜா திரும்பினார். "கொற்றா, இவரைத் தெரியவில்லையா உனக்கு?"

கொற்றன் முகத்து மழையை வழித்துவிட்டு உற்றுப் பார்த்தான். அம்பாரி உயரத்திலேயே பார்த்த முகம், தரையில் நின்றால் யாருக்கு அடையாளம் தெரியும்?

"உங்களத் தெரியும் மகாராசா, அடிக்கடி வர்றீங்க. இவரப் பாத்ததில்லீங்களே. மண்ணு சொமக்கப் புதுசா வந்திருக்காரா?"

ராஜா வாணராயரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"ஆமாம் கொற்றா, இன்றைக்குத்தான் சேர்ந்திருக்கிறார். கூடையைக் கொடு."