விரலுக்கடியில் ஒரு ரிலே

"எல்லாத்தையும் மாத்திட்டேன் அம்மணி. இன்னும் நிக்குது."

நாமக்கல்லில் முப்பது வருடம் டீசல் மெக்கானிக்காக இருந்த பொன்னுரங்கம், தன்னைவிட இருபது வயது இளையவளான தில்ஷாத்தின் பட்டறை வாசலில் நின்று இப்படிச் சொன்னார். கார்களின் எலெக்ட்ரிகல் வேலையில் அவளை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இல்லை.

அவர் கொண்டு வந்தது ஒரு ஆம்புலன்ஸ்.

"கொல்லிமலை வளைவுல நின்னுடுச்சு. உள்ளே பிரசவ வலியில ஒரு பொண்ணு. வண்டியிலேயே குழந்தை பிறந்துச்சு. ரெண்டு பேரும் பிழைச்சது தெய்வச் செயல். வண்டி நல்லா இருக்குன்னு அனுப்பி வச்சவன் நான்."

"அப்புறம்?"

"பத்து நிமிஷத்துல தானா ஸ்டார்ட் ஆயிடுச்சு."

"வண்டியோட கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"ஒரு குறையும் இல்லைங்குது. பொய் சொல்லுது."

"நேத்து எந்த நொடியில தூங்கிப்போனீங்க அண்ணா?"

பொன்னுரங்கம் விழித்தார்.

"தூங்குறவனுக்கு அது எப்படிங்க தெரியும்?"

தில்ஷாத் பானெட்டைத் திறந்தாள். கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும், தீப்பெட்டி அளவில் இருந்த ஒரு கறுப்பு ரிலேயைக் காட்டினாள்.

"கம்ப்யூட்டருக்கே கரண்ட் இது வழியாத்தான் போகுது. இது விட்டா அதுவும் தூங்கிடும், குறையை எப்படிச் சொல்லும்? விரலை வைங்க. எடுக்காதீங்க."

உச்சி வெயில். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் போனது. பொன்னுரங்கத்தின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

"ஒண்ணும் ஆகலையே அம்மணி."

"சூடு ஏறட்டும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

'டிக்.'

காதில் விழவில்லை. விரல்நுனியில்தான் பட்டது, எறும்பு கடித்த மாதிரி. அதன் பிறகே இன்ஜின் அடங்கியது.

அவர் சட்டெனக் கண்ணைத் திறந்தார்.

தில்ஷாத் ரிலேயைக் கழற்றி, மூடியைப் பெயர்த்து, லென்ஸை நீட்டினாள். ஈயம் வைத்த புள்ளியைச் சுற்றி ஒரு கீறல். தலைமுடியைவிட மெல்லியது.

"சூடானா விலகும். ஆறினா ஒட்டிக்கும்."

"இத்துனூண்டு கீறலா?" என்றார் அவர். "ரெண்டு உசுரு இதுலயா இருந்துச்சு?"

அவள் புது ரிலேயை மாட்டினாள். வெயிலிலேயே இரண்டு மணி நேரம் ஓட விட்டார்கள். இன்ஜின் ஒரு தடவைகூடத் திணறவில்லை.

மலைக்குத் திரும்ப டிரைவர் அவசரப்பட்டார். பொன்னுரங்கம் மட்டும் பானெட்டுக்குள் குனிந்தபடி நின்றார். புது ரிலேயின் மேல் அவர் விரல் இருந்தது.

"அதான் சரியாயிடுச்சே அண்ணா. விரலுக்கு என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலைங்க அம்மணி," என்றார், கண் கலங்க.

விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.