பதினெட்டுக் களைக்கொத்து

“சாமி, அந்த மேடு செத்த மண்ணு. ஒண்ணும் முளைக்காது.”

பூவராகனுக்கு மூச்சு வாங்கியது. நிலக்கரிச் சுரங்கத்தில் தோட்டப் பிரிவு மேற்பார்வையாளர். வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக நம்பிய சாமிக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. சுரங்கக் கழிவு கொட்டிய மேட்டடியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் இருந்ததால் கொட்டகைச் சாமி.

“எத்தனை தடவை நட்டே?”

“மூணு மழைக்கு மூணு தடவை. தேக்கு, புங்கன், காகிதப்பூ. எல்லாம் கருகிப்போச்சு. இந்த மழைக்கும் மேடு பச்சையாகலைன்னா என்னைச் சுரங்கத்துக்குள்ள மாத்திடுவாங்க. எனக்கு ஆஸ்துமா, சாமி.”

“நடுறதுக்கு முன்னாடி என்ன செய்வே?”

“களை எடுப்பேன். மேட்டுல ஒரு புல் இருக்காது.”

இதைச் சொல்லும்போது மட்டும் பூவராகன் நெஞ்சை நிமிர்த்தினார்.

சாமி அவரையே பார்த்தார். “சரி, போ.”

மறுநாள் தோட்டப் பிரிவின் பதினெட்டுக் களைக்கொத்தும் காணோம்.

புதுசு வாங்க ஆறு கையெழுத்து வேண்டும். நாலாவது கையெழுத்துக்காரர் நீண்ட விடுப்பில் இருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது.

முதலில் எருக்கு வந்தது. பஞ்சு பறந்து வந்திருக்கும். பிறகு கொழிஞ்சி, ஆவாரை. ஆடுகள் மேய ஏறின. புழுக்கை போட்ட இடமெல்லாம் கருவேலம்.

பூவராகன் ஓடிவந்தார்.

“சாமி, மேடு முழுக்கக் களை! இன்னிக்குப் பெரிய அதிகாரி வரார். என் மானம் போகுது!”

சாமி ஒரு சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். சாக்கின் ஓட்டை வழியே ஒரு மரக்காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

பூவராகன் காம்பைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார்.

“சாமி... இதெல்லாம்...”

“எடுத்துட்டுப் போய்யா. மூணு மாசமா இதுமேல உக்காந்து என் இடுப்பே போச்சு.”

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பூவராகன் மேடேறினார். இறக்கி வைத்தார். ஒரு களைக்கொத்தை உருவினார். முதல் எருக்கை ஒரு கையால் வளைத்தார்.

அடியில் மண் ஈரமாக இருந்தது. காக்கை எச்சம். அதன் நடுவே ஒரு வேப்பங்கன்று, விரல் உயரம்.

பூவராகன் எருக்கை விட்டார். களைக்கொத்தை மறுபடி சாக்குக்குள் செருகினார்.

கீழே ஜீப் வந்து நின்றது. அதிகாரி ஏறி வந்தார்.

“பிரமாதம்யா! மூணு வருஷமா மொட்டையா கிடந்த மேடு! இந்த எருக்கை மட்டும் வெட்டி எறிஞ்சிட்டா அம்சமா இருக்கும். களைக்கொத்து இருக்கா?”

பூவராகன் மெல்ல மூட்டைமேல் உட்கார்ந்தார். குத்தியது.

“எல்லாம் திருட்டுப் போச்சு, சார்.”